பொன் முள்ளம்பன்றியில் ஒரு ஜோடி செருப்பு

பிராக்கில் எனக்கு வேண்டிய ஒருவருக்கு இரண்டு அறை வீடு இருக்கிறது. அவரே என்னை அங்கே வந்து இருந்துவிடச் சொல்கிறார். அப்படியிருந்தும் நான் அதே ஊரின் நட்டநடுவில், காசைக் கொட்டிக் கொடுத்து ஹோட்டலில் அறை எடுத்தேன். எங்கள் ஊரான ஒலோமோட்ஸில் என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "உனக்குக் கொழுப்புடி" என்றாள். கொழுப்புதான். ஆனால் அந்தக் கொழுப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் லுபோர். லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அதற்கேற்ற பாதம். மனைவி யார்மிலா இறந்து நான்கு வருடம் ஆகிறது. நடைப்பயணச் சங்கத்தோடு காளான் பொறுக்கப் போன காட்டில்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. நான் விஷம் என்று தூக்கி எறிந்த காளானை அவர் எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கத்தான் மறுநாள் முதன்முதலாகப் போன் செய்தேன். இருந்தார். அன்றிலிருந்து இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஹெத்விகா. தொலைபேசி விசாரணைப் பிரிவில் காலம் தள்ளியவள். எந்த டாக்டரின் நம்பர் என்ன, எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று நாடே என்னைக் கேள்வி கேட்டது. ஓய்வு பெற்ற அன்றைக்கு நான் கேட்க ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை. என் கணவர் நன்றாக இருக்கிறார், வேறொருத்தியின் வீட்டில். ஆகையால் லுபோர் விஷயத்தில் எனக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

வசந்தகாலத்தில் முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். மெட்ரோவின் கடைசி நிறுத்தம், ஒன்பதாவது மாடி. வாசலில் ஷூவைக் கழற்றினேன். எங்கள் செக் நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவைக் கதவுக்கு வெளியே விட்டுவிட வேண்டும், வீட்டுக்காரர் போட்டுக்கொள்ள வீட்டுச் செருப்பு கொடுப்பார். அதற்கென்றே எல்லார் வீட்டிலும் பழைய செருப்பு நாலைந்து ஜோடி கிடக்கும். லுபோர் அலமாரியைத் திறந்து, துளியும் யோசிக்காமல், சிவப்புக் குஞ்சம் வைத்த கம்பளிச் செருப்பு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "போட்டுக்கோங்க, தரை ஜில்லுனு இருக்கும்" என்றார்.

காலை நுழைத்த உடனே தெரிந்துவிட்டது. உள்ளே வேறொரு கட்டைவிரல் பல வருடம் அழுத்திய பள்ளம். என் குதிகால் இரண்டும் வெளியே தொங்கின. யார்மிலாவுக்குச் சின்னப் பாதம். அந்தச் செருப்போடு கேக் சாப்பிட்டேன், காபி குடித்தேன், அவர் பால்கனியில் வளர்க்கும் தக்காளியைப் பாராட்டினேன், பிறகு தலைவலி என்று சொல்லி ரயில் ஏறிவிட்டேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கோடை முடியும்போது போனில் சொன்னார். "அக்டோபர்ல இருந்து இங்கேயே வந்து இருந்துடுங்க. ரூம் காலியாத்தான் இருக்கு."

வருவீர்களா என்று கேட்கவில்லை, பாருங்கள். அறிவித்தார். நான் பிராக்கையே சரியாகப் பார்த்ததில்லை, முதலில் வந்து இரண்டு நாள் ஊர் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறும்போது பதில் சொல்கிறேன் என்றேன். செருப்பு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று தங்கை கேட்டாள். சொன்னால் மறுநாளே பத்து ஜோடி வாங்கி அடுக்கிவிடுவார், நல்ல மனுஷன்தான். ஆனால் சொல்லித்தான் தெரியும் என்றால், நான் மிச்சக் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில்தான் இருக்கும்.

ஹோட்டலின் பெயர் பொன் முள்ளம்பன்றி. வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய முள்ளம்பன்றி ஒன்று முலாம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை காலை லுபோர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து சேர்ந்தார். லிஃப்டில் ஏறியதும் எங்கள் நாட்டு வழக்கப்படி உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ பணம் கேட்கிறோம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்தார்கள். இறங்கும்போது போய்வருகிறோம் என்றும் சொன்னோம்.

"கயிறு மாத்தணும்" என்றார் லிஃப்டைத் திரும்பிப் பார்த்து.

"இந்த லிஃப்டை உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தத் தெருவுல எல்லா லிஃப்டையும் தெரியும்."

"தெருவைத் தெரியுமா?"

"தெரு என்ன, தெருதான்."

அங்கேதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரின் பழைய வீடுகளை எல்லாம் அவர் உள்ளே இருந்து, மேலும் கீழுமாகப் பார்த்தவர். வெளியே நின்று பார்த்ததே கிடையாது. பிராக்காரர்கள் யாருமே அந்தப் பக்கம் போவதில்லை, அது வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்த இடம் என்று எழுதி வைத்ததுபோல் நடந்துகொள்வார்கள். ஆனால் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

பழைய நகரச் சதுக்கத்தில் தீன் தேவாலயத்தின் இரண்டு கோபுரமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன, ஆனால் ஒன்று கொஞ்சம் பருமன்.

"அது ஏன் அப்படி?" என்றேன்.

"காசு பத்தலை" என்றார் உடனே.

"காசு பத்தலைன்னா ரெண்டாவது குட்டையால்ல இருக்கும்? ஒல்லியா ஏன்?"

"ஒல்லியா கட்டினா செலவு கம்மி."

"அப்ப பருமனானதை முதல்ல கட்டினாங்களா?"

"ஆமா" என்றார், அந்தக் கொத்தனாரோடு கூட நின்று கல் எடுத்துக் கொடுத்தவர் மாதிரி.

டவுன்ஹால் சுவரில் இருக்கும் பழைய பொம்மைக் கடிகாரத்துக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. மணி அடித்ததும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, ஜன்னலில் ஏசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. போர் முடிந்தபிறகு, கம்யூனிஸ்ட் ஆட்சியில் அதைப் பழுதுபார்த்தவர்கள் புனிதர்களை எடுத்துவிட்டுத் தொழிலாளிகளை வைத்துவிட்டார்கள். ஒலோமோட்ஸ் ஜனங்களுக்கு நண்பகலில் சம்மட்டிக்காரரும் கைப்பந்துக்காரியும்தான் தரிசனம்.

"எங்க கடிகாரத்துல நாள் பூரா வேலை பார்க்கிறவங்க இருக்காங்க" என்றேன். "உங்க ஆளுங்க சும்மா தலையைக் காட்டிட்டுப் போறாங்க. பிராக் ஆளுங்கன்னு தெரியுது."

"உங்க கடிகாரம் சரியா ஓடாதுன்னு கேள்வி."

"ஓடுது. நீங்க வந்து பார்த்தீங்களா?"

"வர வேண்டியதில்ல" என்றார்.

வழியெல்லாம் சர்க்கரைத் தூள் அப்பிய சுருள் ரொட்டியை 'பழைய போஹீமியப் பலகாரம்' என்று கூவி விற்றார்கள். எங்கள் அம்மா காலத்தில் இங்கே யாரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒன்று வாங்கிக் கொடுத்தார். எனக்கு இனிப்பு பிடிக்குமா என்பது அவருக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்காது. புறாக்கள் சாப்பிட்டன.

அவருக்கு நிஜமாகவே தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சதுக்கத்தில், நூறு வருடத்துக்கு முன்னால் இடித்துத் தள்ளிச் சமீபத்தில் திரும்பக் கட்டிய மாதாவின் தூண் நிற்கிறதே, அதன் பக்கத்தில் கல்லோடு கல்லாக ஒரு பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். தூணின் நிழல் அந்தக் கோட்டில் விழும்போது பிராக்கில் நண்பகல். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் ஊரே அதைப் பார்த்துத்தான் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கியதாம். பள்ளிக்கூடத்தில் படித்தாராம்.

"பன்னெண்டுக்குக் கரெக்டா விழும். நின்னு பாருங்க."

நின்று பார்த்தோம். நல்ல வெயில். எனக்கு அப்படி ஒரு ஆர்வம், பால்காரியைப் பார்த்த பூனை மாதிரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடித்தது, அப்போஸ்தலர்கள் வந்து போனார்கள். நிழலோ கோட்டுக்கு வெகுதூரம் மேற்கே, ஒரு இத்தாலியக் குடும்பத்தின் பைமேல் படுத்துக் கிடந்தது.

"கோட்டைத் தப்பாப் போட்டிருக்காங்க" என்றார் லுபோர்.

"கோடு தப்பு, கோபுரம் தப்பு, எங்க ஊர்க் கடிகாரம் தப்பு. நீங்க ஒருத்தர்தான் சரியா?"

"தூணைத் திரும்பக் கட்டினப்போ தள்ளி வெச்சிருப்பாங்க" என்றார் அசையாமல்.

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கும் சேர்த்து அவரே மாட்டிறைச்சியும் பால்குழம்பும் வேகவைத்த மாவு உருண்டைகளும் சொல்லிவிட்டார், எல்லாருக்கும் பிடிக்கும் என்று. பரவாயில்லை, பிடித்தது. ஆனால் அறைக்குத் திரும்பிப் படுத்தபோது எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு நாள் முழுக்க அந்த மனிதரோடு நடந்து, அவர் தம்பியின் முழங்கால் ஆபரேஷன், தக்காளிக்கு வந்த பூச்சி, பாதியில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்ட பாதிரியார் என எல்லாம் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுமில்லை. முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த எண்ணம் வந்ததும் இன்னும் அழுகை வந்தது, ஏனென்றால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார். ரயிலில் சாப்பிடுவதற்காக ரொட்டித்தூள் தடவிப் பொரித்த பன்றிக்கறித் துண்டுகளை அவரே செய்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார். டப்பா இன்னும் சூடாக இருந்தது. மெட்ரோவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"உள்ளே வாங்க, காபி போடறேன்" என்றேன்.

கதவுக்கு வெளியிலேயே குனிந்து ஷூவைக் கழற்றி, இரண்டையும் மூக்கு சுவரைப் பார்க்கும்படி சேர்த்து வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. என்னுடைய ஷூ மட்டும் உள்ளே இருந்தது, முதல் நாள் கையில் பெட்டியோடு வந்ததால் உள்ளே போய்க் கழற்றினேன், அப்படியே பழகிவிட்டது.

நான் ஊரிலிருந்து அவருக்கென்று எங்கள் பாலாடைக்கட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தேன். வட்ட வட்டமாக, மஞ்சளாக இருக்கும். ருசி அமிர்தம். மணம் மட்டும், மலை ஏறி இறங்கிய ஒருவர் காலுறையைக் கழற்றினால் வருமே, அது. ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் வெயிலில் இருந்ததால் அது கொஞ்சம் இளகிப் பக்குவமாகியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். கறித்துண்டும் கட்டியும் ரொட்டியுமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். லுபோர் கண்ணில் நீர் வர, "பிரமாதம்" என்றார்.

அறையைக் காலி செய்யும் நேரம் வந்தது. கதவைத் திறந்தால் ஷூவைக் காணோம். கம்பளம் மட்டும் இருந்தது.

வரவேற்பு மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், எங்களைப் பார்த்ததுமே முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"மேடம், உங்க பக்கத்து ரூம்காரங்க ரெண்டு தடவை போன் பண்ணாங்க. வராந்தாவுல நாத்தம் தாங்கலைன்னு. எங்க ஆள் போய்ப் பார்த்தா உங்க கதவுக்கிட்ட ஒரு ஜோடி ஷூ. சுத்தம் பண்றதுக்குத்தான் வெளியே வெச்சிருக்காங்கன்னு நினைச்சு..."

"நினைச்சு?" என்றேன்.

"மூணு பை போட்டுக் கட்டி, சலவை வண்டியில அனுப்பிட்டாங்க. சாயந்திரம்தான் திரும்பி வரும்."

"அது நல்ல ஷூ" என்றார் லுபோர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஹோட்டல். ஷூவை ஏன் வெளியே கழட்டி வெச்சீங்க?"

"ஷூவோட ரூமுக்குள்ள போற பழக்கம் எங்க வீட்ல கிடையாது."

அந்தப் பெண்ணும் செக் நாட்டுக்காரிதான். அவள் வீட்டிலும் அதே வழக்கம்தான். மேசைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட புதுச் செருப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள ஹோட்டலில் தருவார்களே, துண்டுத் துணியில் தைத்த வெள்ளைச் செருப்பு. இரண்டு முனையிலும் குட்டி முள்ளம்பன்றி.

"இதுக்கு அடுத்த சைஸ் இல்லையா?" என்று நான்தான் கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் மேடம்."

லுபோர் கால் அளவு எங்கள் நாட்டுக் கணக்கில் நாற்பத்தேழு. செருப்பு அவருக்குப் பாதியில் நின்றது.

மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போய் வேறு ஷூ மாட்டிக்கொண்டு வரலாம், ஆனால் அதற்குள் என் ரயில் போய்விடும். இப்படியே ஸ்டேஷனுக்கு வர அவருக்கு மனசில்லை. அந்த வட்டாரத்தில் ஸ்படிகக் கிண்ணமும் மரப்பொம்மையும் காந்தமும் நூறு கடையில் கிடைக்கும், மனிதன் போடும் ஷூ கிடைக்காது. வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இருக்கும் பெரிய செருப்புக்கடைக்குத்தான் போகவேண்டும். அப்படித்தான் என் பெட்டியை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, முள்ளம்பன்றிச் செருப்போடு, லுபோர் பழைய நகரத்துக்குள் இறங்கினார்.

கருங்கல் பாவிய தெரு. முந்தின நாள் தபால்காரர் மாதிரி விறுவிறுவென்று போன மனிதர், இப்போது ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்தார். நான் முதன்முறையாக மூச்சு வாங்காமல் அவர் பக்கத்தில் நடந்தேன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "லுபோர், ஒண்ணு சொல்லணும். நாத்தம் உங்க ஷூவோடது இல்ல. என் பாலாடைக்கட்டி."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அந்தப் பொண்ணு சொன்னப்பவே தெரியும்."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"உங்க பேர்ல போட்ட ரூம்" என்றார். "நான் இனிமே அங்கே போகப் போறதில்ல. என் ஷூன்னே இருக்கட்டும்."

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

மெதுவாக நடந்ததால் அவர் கண் மேலே போனது. ஒரு வீட்டின் நெற்றியில் கல் ஆடு ஒன்று இருந்தது. "அட, இந்த வீட்டு லிஃப்டை ரெண்டு வருஷம் பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணு இருக்கிறது தெரியாது" என்றார். தெரியாது என்று அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். அடுத்த வீட்டில் மீன். அதற்கடுத்த வீட்டில் இருந்தது கரடியா நாயா என்று எங்களுக்குள் சண்டை வந்தது. கரடி என்றார். நாக்கு வெளியே இருக்கிறதே என்றேன். ஓடி வந்த கரடி என்றார்.

பழைய நகரச் சதுக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம் கடிகாரத்தை விட்டுவிட்டு இவர் காலைப் படம் எடுத்தது. வழிகாட்டிப் பெண் எங்கள் பக்கம் குடையை நீட்டி ஏதோ விளக்கம்கூடக் கொடுத்தாள். லுபோர் காது சிவந்துபோனது.

"சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க" என்றார் என்னிடம்.

சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே மாதாவின் தூணருகே நின்றபோதுதான் கீழே பார்த்தேன். நிழல் கோட்டின்மேல் இருந்தது. முனையிலிருந்து அடிவரை, துணியை மடித்து வைத்ததுபோல், பித்தளைக் கோட்டோடு ஒட்டிக் கிடந்தது. டவுன்ஹால் கடிகாரத்தில் மணி ஒன்று ஆகப்போகிறது.

"ஒரு மணிக்கா விழும்?" என்றேன். பிறகு எனக்கே புரிந்துவிட்டது. கோடைகாலத்துக்கென்று எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரு மணிநேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறது அரசாங்கம். தூணிடம் யாரும் சொல்லவில்லை. "லுபோர், கோடு தப்பில்ல. நேத்து நாமதான் ஒரு மணிநேரம் முன்னாடியே வந்துட்டோம். பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அதாவது, நிழலைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் செருப்பு பாதியில் முடிய, குதிகால் இரண்டும் பின்னால் வந்து கருங்கல்லில் நின்றன. காலுறை அங்கே அழுக்காகிக் கிழிந்திருந்தது. பிறகு என் ஷூவைப் பார்த்தார். மறுபடி தன் காலை. சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஏன், வலிக்குதா?" என்றேன்.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அன்றைக்கு என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. ஓய்வு பெற்றதிலிருந்து கேள்வி கேட்காமல் நான் இருந்த நேரம் அது ஒன்றுதான். ஒன்று அடித்தது, எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது, கூட்டம் ஆவென்று பார்த்தது. லுபோர் பெட்டியின் கைப்பிடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "வாங்க" என்றார்.

வழியில் சந்தையில் பழமும் பொம்மையும் விற்றார்கள், ஒரு வீட்டில் கல் மயில் இருந்தது, அவர் எதையும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. யார்மிலா ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான், அந்த வீட்டில் எனக்கு எப்போதும் அடுத்தவர் காலுக்குச் செய்த செருப்புதான் என்று நினைத்தேன். ரயிலடியில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'லுபோர், உங்க தக்காளி ரொம்ப நல்லா இருந்தது' என்று ஆரம்பித்தது அது.

கடையில் விற்பனைப் பெண் அவர் காலைப் பார்த்துவிட்டு, கண்ணியமாகக் கூரையைப் பார்த்தாள். "சாருக்கு என்ன அளவு?"

"எனக்கு அப்புறம்" என்றார்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷூ அடுக்குகளைத் தாண்டி, கடையின் கோடிக்கு நடந்தார். அங்கே வீட்டுச் செருப்புகள் இருந்தன. கட்டம் போட்டவை, குஞ்சம் வைத்தவை, ஆட்டுத்தோல் வைத்தவை என்று சுவர் முழுக்க. அதன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழுதான லிஃப்டைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் நின்றார். ஒரு கை மேலே போனது, பாதியில் இறங்கியது. எதை எடுப்பதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டது. திரும்பினார்.

"ஹெத்விகா," என்றார். "உங்க கால் அளவு என்ன?"

இரண்டு வருடத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. விசாரணைப் பிரிவில் இருந்தவள், எந்தக் கேள்விக்கும் மணி அடிப்பதற்குள் பதில் சொன்னவள், என் கால் அளவைச் சொல்ல முடியாமல் நின்றேன்.

"முப்பத்தொன்பது" என்றேன் கடைசியில்.

தலையாட்டிவிட்டு அடுக்கின் பக்கம் திரும்பினார். விரல் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் போனது.

"குளிர்காலத்துல உள்ளே கம்பளிக் காலுறை போடுவேன்" என்றேன் அவர் முதுகைப் பார்த்து. "அதுக்கு நாற்பது வேணும்."

விரல் நின்றது. திரும்பவில்லை, ஆனால் காது மறுபடி சிவந்தது.

"என்ன கலர்?" என்றார்.

அதன்பிறகு நிறுத்தவே முடியவில்லை. குதிகால் உள்ள மாதிரி வேண்டுமா, இல்லாத மாதிரி வேண்டுமா, கட்டம் பிடிக்குமா, காலுறை யார் பின்னியது, நீங்களே பின்னுவீர்களா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா, நேற்று அந்தச் சுருள் ரொட்டி நிஜமாகவே பிடித்ததா. பிடிக்கவில்லை என்றேன். அதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்றார். கேட்பதற்கென்ன என்றேன். விற்பனைப் பெண் பச்சையா நீலமா என்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள். பச்சை வாங்கினோம். ஓடிப்போய்த்தான் ரயிலைப் பிடித்தோம்.

ரயில் நகர்ந்தபோது லுபோர் நடைமேடையில் நின்று, அக்டோபரில் நான் போட்டுக்கொள்ளப்போகும் பச்சைச் செருப்பு இருந்த கடைப்பையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் காலில் இன்னும் முள்ளம்பன்றிதான் இருந்தது. தனக்கு ஷூ வாங்க மறந்தே போயிருந்தார்.